மிளகாயும் ஒரு குடம் தண்ணீரும்

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் திகதி இலங்கைப் பாராளுமன்றத்தின் சபா மண்டபத்திலே மிளகாய்த்தூள் வீசப்பட்டது. சபாநாயகரைச் சூழ்ந்து அழைத்துவந்த பொலிஸார்மீதும் எதிரணி உறுப்பினர்கள்மீதும் நீரிற் கரைத்த மிளகாய்த்தூளை எறிந்தவர்கள் மக்களின் பிரதிநிதிகளே. நாற்காலிகளும் பறந்தன. கண்ணைப் பொத்திக்கொண்டு தடுமாறியவர்களை நாடு முழுவதும் தொலைக்காட்சியிற் கண்டது. அம்மியிலே இருக்கவேண்டிய பண்டம் சபைக்கு வந்துவிட்டதே என்று சிரித்தவர்கள் பலர்.

நமக்குச் சிரிப்பு வரவில்லை. மிளகாயைக் கண்ணில் இடும் வழக்கம் அன்று புதிதாகத் தோன்றியதன்று. அதற்கு ஒரு சரித்திரம் உண்டு. அந்தச் சரித்திரம், இன்று பதுளையிலும் பசறையிலும் அப்புத்தளையிலும் கொழுந்தெடுத்து வாழும் மக்களின் முன்னோர் விட்டுவந்த கிராமங்களின் ஊடாகவே செல்கிறது. துன்புறுத்தியவர்களின் கதையை ஓரளவு எழுதிவைத்திருக்கிறார்கள். துன்புற்ற கண்ணைக் கழுவியவர்களின் கதையையோ எவரும் எழுதுவதில்லை. கழுவுவதற்கு நீரும், கழுவத் தெரிந்த கையும் யாருக்குக் கிடைத்தன, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதும் சரித்திரந்தான். ஊவா மலைநாட்டை முன்வைத்து இவ்விரண்டையும் சேர்த்தே பார்க்க விரும்புகிறோம்.

முதலிற் பெயரைச் சரிசெய்துகொள்வோம். "பெப்பர் ஸ்பிரே" என்று ஆங்கிலத்தில் வழங்குவதைத் தமிழ்ப் பத்திரிகைகள் சில "மிளகு ஸ்பிரே" என்று எழுதுகின்றன. 2014 பெப்ரவரி 13ஆம் திகதி டில்லி லோக் சபையில் தெலுங்கானா மசோதா வந்தபோது உறுப்பினர் ஒருவர் அதைத் தெளித்ததும், அவையினர் இருமிக்கொண்டு வெளியே ஓடியதும், சிலர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லப்பட்டதும் நினைவிருக்கலாம். அந்தச் செய்தியிலும் மிளகின்மீதே பழி விழுந்தது. மிளகு பாவம், அது ஒரு தீங்கும் செய்யவில்லை! அந்தக் குப்பியில் இருப்பது மிளகாயின் சாரம். மிளகு நம்முடைய மலைகளின் பண்டம். யவனர் கலமேறித் தேடிவந்தது. மிளகாயோ அமெரிக்கக் கண்டத்திற் பிறந்து, பதினாறாம் நூற்றாண்டிலே போர்த்துக்கேயர் கப்பலில் நம் கரைக்கு வந்த செடி. மிளகைப்போல உறைத்ததனால் அதற்கு மிளகாய் என்று நம்மவர் பெயரிட்டனர். ஐரோப்பியரும் அதே மயக்கத்தில் இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தனர். கண்ணில் விழுந்தது எது என்று அறிவதே வைத்தியத்தின் முதற்படியாதலால் இதை இங்கே சொல்லவேண்டியதாயிற்று.

வந்த செடி நம் சமையலை ஆட்கொண்டது. அதனோடு நம் தண்டனைகளையும் ஆட்கொண்டது. குறும்பு செய்த பிள்ளையை மிளகாய்ப் புகைமேல் பிடித்த வீடுகள் நம்மிடையே இருந்தன. அதை அன்பின் கண்டிப்பு என்று நியாயப்படுத்தியவர்களும் இருந்தார்கள். வீட்டில் இருந்தது கச்சேரிக்குப் போனபோது அதன் உண்மை முகம் தெரிந்தது.

சென்னை இராசதானியில் நிலவரி தண்டுவதற்காகக் குடியானவர்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு 1854இல் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் எழுந்தது. அதன் விளைவாக எலியட், ஸ்டோக்ஸ், நோர்ட்டன் என்னும் மூவரைக் கொண்ட விசாரணைக்குழு ஒன்று நியமிக்கப்பட்டு, 1855இல் தன் அறிக்கையை வெளியிட்டது. வரி கட்ட முடியாத உழவனை வெயிலில் நிறுத்தினார்கள். குனியவைத்துக் கட்டி முதுகிற் கல்லேற்றினார்கள். கிட்டி என்னும் மரக்கருவியில் விரல்களை நெரித்தார்கள். மிளகாய்த்தூளைக் கண்ணில் இட்டார்கள். "கிட்டி" என்ற தமிழ்ச்சொல் அப்படியே அந்த ஆங்கில அறிக்கையில் ஏறியிருக்கிறது. ஏகாதிபத்தியத்தின் ஏட்டில் நம் மொழி இடம்பெற்ற விதங்களில் இதுவும் ஒன்று.

சுதேசச் சேவகர்களே இக்கொடுமைகளைச் செய்தார்கள், ஐரோப்பிய அதிகாரிகள் இவற்றை ஆதரிக்கவில்லை என்ற தொனியில் அந்தக் குழு தன் முடிவைச் சொல்லிற்று. மிளகாய் பிடித்த கை நம்மவன் கைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கை நிரப்பிய கஜானா கம்பனியின் கஜானா அன்றோ? 1857இல் சிப்பாய்களின் கொடுமைகளைப் பற்றி லண்டன் பத்திரிகைகள் அலறிக்கொண்டிருந்தபோது, கார்ல் மார்க்ஸ் நியூயோர்க் டெய்லி டிரிபியூன் பத்திரிகையில் இந்தச் சித்திரவதை விசாரணையையே எடுத்துக்காட்டி எழுதினார். கம்பனி ஆட்சியின் அன்றாட வருமானம் எவ்வாறு வந்தது என்பதை அவர் அக்கட்டுரையில் வாசகர் முன் வைத்தார்.

அதே காலத்தில், அதே இராசதானியின் தமிழ் மாவட்டங்களிலிருந்து மக்கள் கூட்டங்கூட்டமாக இலங்கைக்கு நடந்துகொண்டிருந்தார்கள். திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், மதுரை, சேலம், புதுக்கோட்டை முதலிய இடங்களிலிருந்து கங்காணிமாரின் பின்னால் வந்து, கடல் தாண்டி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே கால்நடையாக மலைநாட்டுக்கு ஏறினர். வழியிலே காய்ச்சலாலும் பேதியாலும் விழுந்தவர்கள் பலர். எஞ்சியவர்கள் கோப்பி நட்டார்கள். ஊவாவின் மடுல்சீமையிலே 1869இல் கோப்பி இலையில் துருப்போன்ற ஒரு நோய் காணப்பட்டது. அது சில ஆண்டுகளுள் தீவின் கோப்பித் தொழிலையே அழித்துவிட்டது. பின்பு தேயிலை வந்தது. 1890இல் லிப்டன் அப்புத்தளைப் பக்கத்துத் தம்பதென்னையை வாங்கினார். 1924இல் புகையிரதம் பதுளை வரை வந்தது. தேயிலைப் பெட்டி விரைவாக இறங்குவதற்கு வழி பிறந்தது. லயத்தில் நோயுற்றவன் விரைவாக இறங்குவதற்கு வழி பிறந்ததா?

இங்கே சட்டங்களை வரிசைப்படி பார்க்கவேண்டும். வரிசையே ஒரு வாக்குமூலம். 1865ஆம் ஆண்டின் தொழிற் சட்டம் வேலையை விட்டு ஓடுவதைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று. அதன்பின் ஏழாண்டு கழித்தே, 1872இல், தோட்டக் கூலிகளின் மருத்துவத் தேவைகளுக்கான சட்டம் வந்தது. 1880இல் அது திருத்தி எழுதப்பட்டது. 1912இல் மீண்டும் விரிவாக்கப்பட்டது. ஓடவிடாமற் பிடித்துவைத்த பிறகுதான் உயிரோடு வைத்திருப்பதைப் பற்றிய யோசனை பிறந்தது. அதிலும் நோயாளியைக் கவனிக்கும் கடமை தோட்டத் துரையின்மேல் வைக்கப்பட்டது. எனவே, வேலைக்கு வரவில்லை என்று பேர் வெட்டும் அதிகாரமும், இவன் உண்மையில் நோயாளிதானா என்று தீர்மானிக்கும் அதிகாரமும் ஒரே பங்களாவில் இருந்தன. தோட்ட டிஸ்பென்சரியில் இருந்த வைத்திய உதவியாளர் மக்கள் வாயில் "டாக்டரையா"வாக இருந்தாலும், சம்பளப் பட்டியலில் அவர் தோட்டத்தின் சேவகரே. நல்ல மனங்கொண்ட பலர் அந்தப் பதவியில் இருந்திருக்கிறார்கள்; நாம் மனிதர்களைக் குறைசொல்லவில்லை. அடித்தவனுடைய சம்பளத்தில் இருப்பவர் அடிபட்டவனுடைய காயத்தை எவ்வாறு எழுதுவார் என்பதே நம் கேள்வி.

இக்கேள்வி கற்பனையன்று. 1940ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் திகதி முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி மாண்டார். அந்த அலை தெற்கே ஊவாவுக்கு இறங்கிற்று. பதுளையிலே மே 12ஆம் திகதி என். எம். பெரேரா பெருங்கூட்டத்தில் பேசினார். பதுளைக்கு அருகே வேவெஸ்ஸத் தோட்டத்தில் தொழிலாளர் தமக்கெனச் சபை ஒன்றைத் தேர்ந்தெடுத்தனர். அந்தச் சபையைக் கலந்தே காரியம் செய்வதாகத் துரை ஒப்புக்கொள்ளவேண்டியதாயிற்று. "ஒழுங்கை" நிலைநாட்ட வந்த ஆயுதப் பொலிஸாரின் ஆயுதங்களையே தொழிலாளர் பறித்துக்கொண்டனர். இறுதியில் பெரும் பொலிஸ் அடக்குமுறையால் இயக்கம் முறிக்கப்பட்டது. அடக்குமுறைக்கு இயற்கையும் துணைநின்றது: வெள்ளம் வந்து ஒரு வாரத்துக்கு மேலாக ஊவாவை நாட்டின் மற்றப் பகுதிகளிலிருந்து துண்டித்துவிட்டது. மலைநாட்டில் வழி அறுந்தால் முதலில் அறுவது எளியவனுக்கு வரவேண்டிய உதவிதான். மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29ஆம் திகதி மலை சரிந்து லயங்களை மூடியபோதும் அதைக் கண்டோம்.

துப்பாக்கிக்குப் பதிலாகப் புகை வந்தால் நல்லதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. முல்லோயாவை நினைத்தால் அந்தக் கேள்வியை நாமும் எளிதில் தள்ளிவிட முடியாது. கோவிந்தன்மீது பாய்ந்தது புகையாக இருந்திருந்தால் அவர் ஒருகால் பிழைத்திருப்பார். ஆனால் இப்புகையின் பிறப்பையும் அறிந்துகொள்ளவேண்டும். முதலாம் உலகப்போரின் அகழிகளில் கண்ணெரிக்கும் இரசாயனங்கள் உபயோகிக்கப்பட்டன. 1925ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை போரில் நச்சுவாயுக்களை விலக்கிற்று. அகழியில் விலக்கப்பட்டது தெருவுக்கு வந்தது. 1930களில் பிரித்தானிய ஏகாதிபத்தியம் தன் காலனிகளில் கண்ணீர்ப்புகைக்கு அனுமதி வழங்கிற்று. இன்று பெரிதும் வழங்கும் சி.எஸ். என்ற பொருளை 1928இல் அமெரிக்க இரசாயனவியலாளர் இருவர் கண்டுபிடித்தனர். மிளகாய்ச் சாரமோ நாய்களை விரட்டுவதற்கென்று குப்பியில் அடைக்கப்பட்டு, 1980களின் இறுதியிலிருந்து பொலிஸாரின் இடுப்புக்கு ஏறிற்று. 1993இல் கைச்சாத்தாகி 1997இல் நடைமுறைக்கு வந்த இரசாயன ஆயுத ஒப்பந்தம் இவற்றைப் போர்முறையாக உபயோகிப்பதைத் தடுக்கிறது; உள்நாட்டில் ஒழுங்கை நிலைநாட்டுவதற்குத் தடுக்கவில்லை. எதிரி நாட்டுச் சிப்பாய்மேல் வீசக்கூடாததைத் தன் நாட்டு ஆசிரியன்மேலும் மாணவன்மேலும் வீசலாம்! 2022இல் கொழும்புத் தெருக்களில் அதை நாள்தோறும் பார்த்தோம். காலாவதியான குண்டுகளும் அவற்றுள் இருந்தன என்று பின்னர் தெரியவந்தது. காவல் அறைகளிலே மிளகாய்த்தூள் இன்றும் சித்திரவதைக் கருவியாக இருப்பதை மனித உரிமை அறிக்கைகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. 1855இன் தாசில்தார் கச்சேரி வெகுதூரத்தில் இல்லை.

இனி வைத்தியத்துக்கு வருவோம். மிளகாய் ஏன் எரிகிறது? அதிலுள்ள கெப்சைசின் என்ற சத்து தோலைச் சுடுவதில்லை. நம் நரம்பு முனைகளிலே வெப்பத்தை உணரும் வாயில் ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 43 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டிலே திறப்பது. கெப்சைசின் அந்த வாயிலைச் சூடில்லாமலே திறந்துவிடுகிறது. மூளை தீ என்று அலறுகிறது. 1997இல் டேவிட் ஜூலியஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் அவர் குழுவினரும் இவ்வாயிலை அடையாளம் கண்டனர். 2021இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எரிச்சல் பொய்த்தீயால் எழுந்தது என்பதனால் வலி பொய்யென்று ஆகாது. கண் தானாக இறுக மூடும், நீர் பெருகும், மூக்கும் தொண்டையும் வீங்கும், இருமல் மூச்சை அடைக்கும், பார்வை போய்விட்டது என்ற பீதி எழும். பெரும்பாலோருக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரத்துள் இவை தணிந்துவிடும். அந்த அரைமணி நேரம் எவ்வாறு கழிகிறது என்பதிலேதான் வைத்தியம் இருக்கிறது.

எதனாற் கழுவுவது? ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். பால் என்பார் ஒருவர், வயிற்றெரிவுக்குக் குடிக்கும் வெள்ளை மருந்து என்பார் மற்றொருவர். 2008இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று இவற்றை நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்தது. தாமாக முன்வந்த 49 பேரின் முகத்தில் மிளகாய்ச் சாரம் இடப்பட்டது. அமிலமுறி மருந்து, உணர்வு மரக்கச் செய்யும் லிக்னோகெயின் களிம்பு, குழந்தைகளுக்கான ஷாம்பு, பால், வெறுந் தண்ணீர் என்னும் ஐந்தும் வெவ்வேறு குழுவினருக்குக் கொடுக்கப்பட்டன. குறிப்பிடத்தக்க வேறுபாடு ஒன்றும் தென்படவில்லை. வலியைக் குறைத்தது நேரம். விலைபோகும் மருந்து எதுவும் வெறுந் தண்ணீரை வெல்லவில்லை என்ற இந்த முடிவை ஏழைகளின் பக்கத்தில் நிற்கும் ஒரு விஞ்ஞான உண்மையாகவே நாம் கொள்கிறோம்.

ஆகவே, அம்புலன்ஸில் வரும் அவசர வைத்திய உதவியாளர் செய்யவேண்டியது இது. முதலில் தன்னைக் காத்துக்கொள்ளவேண்டும்: கையுறை, கண்ணாடி, முகமூடி. நோயாளியின் சட்டையிற் படிந்தது உதவுபவரின் கண்ணுக்கும் வண்டிக்குள்ளும் ஏறினால், அடுத்த நோயாளிக்கு உதவ ஆளிராது. பின்பு நோயாளியைப் புகையிலிருந்து அப்பால், காற்று வரும் திசைநோக்கி, மேட்டு நிலத்துக்கு நகர்த்தவேண்டும். கண்ணீர்ப்புகை காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தங்கும். மலைச்சரிவில் அடுக்கடுக்காக லயங்கள் அமைந்த தோட்டத்தில் கீழ் லயத்துக்கு ஓடுவது ஆபத்து என்பதை உள்ளூரார் அறிந்திருக்கவேண்டும். மேற்சட்டையைக் கழற்றவேண்டும்; தலைவழியே இழுத்துக் கழற்றினால் முகத்தில் மீண்டும் பூசியதாகிவிடுமாதலால், வெட்டி எடுப்பதே மேல். பெண்களாயின் மறைப்புக்கு ஒரு போர்வை வேண்டும். இதை மறந்த உதவியாளரிடம் அவர்கள் சிகிச்சைக்கே இணங்கமாட்டார்கள். கழற்றியதைப் பிளாஸ்டிக் பையில் இட்டுக் கட்டிவிடவேண்டும்.

கண்ணைக் கசக்கவிடக்கூடாது. கண்ணில் வில்லை அணிந்திருந்தால் அகற்றவேண்டும். தலையை ஒருபக்கம் சாய்த்து, மூக்கோரத்திலிருந்து காதோரமாக நீர் வழிந்தோடும்படி, பத்து முதல் இருபது நிமிடம் இடைவிடாமல் ஊற்றவேண்டும். உப்புநீர்ப் போத்தல் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் குடிக்கத்தகுந்த எந்த நீரும் போதும். உப்புநீரைத் தேடிக்கொண்டு நேரம் போக்கலாகாது. தோலுக்கு மட்டும் சவர்க்காரம் வேண்டும். கெப்சைசின் எண்ணெய்த்தன்மை உடையதாதலால் வெறுநீர் அதை முழுவதும் கழற்றாது. தேய்த்துக் கழுவாமல் மெல்லக் கழுவவேண்டும். களிம்பு எதுவும் பூசக்கூடாது. கண்ணைத் துணியாற் கட்டவும் கூடாது.

இங்கே நம் கைவைத்தியத்தைப் பற்றி ஒரு சொல். மிளகாய் அரைத்த கைக்குத் தேங்காயெண்ணெய் தடவும் நம் தாய்மாரின் வழக்கம் அர்த்தமற்றதன்று. எண்ணெயில் காரம் கரையும், பிறகு சவர்க்காரமிட்டுக் கழுவினால் போய்விடும். ஆனால் கைக்கு ஆகும் எண்ணெய் கண்ணுக்கு ஆகாது. அது காரத்தைப் பிடித்துவைத்துப் பரப்பிவிடும். கண்ணில் தாய்ப்பால் பீச்சுவதும், சேலைத்தலைப்பைச் சுருட்டி வாயால் ஊதி ஒற்றுவதும் அன்பின் செயல்களே. ஊதுவதில் தீமை அதிகமில்லை. நீரூற்றுவதைத் தாமதப்படுத்துவதே தீமை.

மூச்சுத்தான் உயிரைக் கொண்டுபோகும் இடம். ஈளை நோயாளி, குழந்தை, கர்ப்பிணி, முதியவர் ஆகியோரைத் தனியே பிரித்துப் பார்க்கவேண்டும். மூச்சில் விசில் ஒலி கேட்டால் சல்பியூட்டமோலைப் புகையாக உள்ளிழுக்கக் கொடுத்து, ஒட்சிசன் ஏற்றி, விரைவாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லவேண்டும். கைகளைப் பின்னே கட்டிக் குப்புறக் கிடத்தப்பட்டவரை உடனே புரட்டி உட்காரவைக்கவேண்டும். அந்நிலையில் மூச்சு நின்று மாண்டவர்கள் உண்டு. அவரைப் பிடித்துவைத்திருப்பது பொலிஸாராக இருந்தாலும் இதைக் கேட்கும் கடமை உதவியாளருக்கு இருக்கிறது. ஒரு மணி நேரம் கடந்தும் கண் திறக்க முடியாமலோ, மங்கலாகவோ, வெளிச்சம் பட்டாற் குத்தும் வலியோடோ இருந்தால், கருவிழியில் கீறல் இருக்கக்கூடும். மிக அருகிலிருந்து தெளிக்கப்பட்டவருக்கு இது நேரும். அவரைக் கண் வைத்தியரே பார்க்கவேண்டும். மரக்கச் செய்யும் சொட்டுமருந்து பரிசோதனைக்கு மட்டும் உரியது. வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது கண்ணைக் கெடுக்கும்.

கேட்பதற்கு எளிய காரியங்கள்: காற்று, நீர், நேரம், அறிந்த ஒருவர். ஊவாத் தோட்டத்தில் இவற்றை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்ப்போம்.

காற்று மலைமேல் நிறைய உண்டு, லயத்துக்குள் இல்லை. புகைபோக்கி இல்லாத சிற்றறையில் விறகடுப்பின் புகையை ஆண்டுக்கணக்கில் உண்ட நுரையீரல், மேலும் ஒரு புகையை எவ்வாறு தாங்கும்? அடுப்படியிலேயே இருமல் வாங்கிய பெண்ணுக்குக் கண்ணீர்ப்புகை "இலேசான ஆயுதம்" அன்று. நீர், ஓடையில் உண்டு. மழைக்காலத்தில் அது சேறாக வரும். பதினைந்து நிமிடம் ஊற்ற ஏறத்தாழ ஒரு குடம் தெளிந்த நீர் வேண்டும். பல குடும்பங்களுக்கு ஒரு குழாய் என்ற இடத்தில் அந்தக் குடம் எப்போதும் நிறைந்திருக்கும் என்று சொல்ல முடியுமா? கொதித்தாறிய நீர் ஒரு லீற்றருக்கு ஒன்பது கிராம் உப்பு என்ற கணக்கில் உப்புநீர் ஆக்கிப் போத்தலில் மூடிவைத்து, அடிக்கடி புதிதாக மாற்றிக்கொண்டால், பிள்ளைக்காம்பராவிலும் பள்ளிக்கூடத்திலும் அவசரத்துக்கு உதவும். ஆசிரிய நண்பர்கள் விஞ்ஞான பாடத்தில் கரைசலின் செறிவைக் கற்பிக்கும்போது இதைச் செய்துகாட்டலாம் என்பது நம் யோசனை.

அறிந்த ஒருவர் எங்கே? இலவச வைத்தியத்துக்குப் பெயர்பெற்ற நாடு இது. ஆனால் 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்களின் ஆஸ்பத்திரி நெடுங்காலம் தோட்டத்தின் ஆஸ்பத்திரியாகவே இருந்தது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளின் கைக்குப் போயிற்று. தோட்ட ஆஸ்பத்திரிகள் சிலவற்றை அரசாங்கம் ஏற்றது. எல்லாவற்றையும் ஏற்றுவிடவில்லை.

பெரிய மாற்றம் ஒன்று வந்திருக்கிறது. அதை மறைப்பது நியாயமன்று. இந்தியாவின் நன்கொடையோடு 2016இல் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் 88 வண்டிகளுடன் தொடங்கிய 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை, 2018க்குப் பிறகு மற்ற மாகாணங்களுக்கும் விரிந்தது, ஊவாவுக்கும் வந்தது. கட்டணமில்லை, அழைத்தால் பயிற்சிபெற்ற உதவியாளருடன் வண்டி வரும். கம்பளியில் இட்டு இருவர் தோள்கொடுத்து நோயாளியை மலையிறக்கிய தலைமுறைக்கு இது கனவு. ஆயினும் வண்டி தார்ச்சாலை வரைதான் வரும். சாலைக்கும் லயத்துக்கும் இடையே, துரைமாரின் காலத்தில் தேயிலையைக் கணக்கிட்டு வெட்டிய கல்வழி கிடக்கிறது.

இன்னொரு தூரமும் உண்டு. கண் மூடிய நோயாளிக்கு எஞ்சியிருப்பது செவி மட்டுமே. "கண்ணைத் திறங்க, கசக்காதீங்க, மெதுவா மூச்சை இழுங்க, பார்வை போகாது" என்ற நான்கு வாக்கியங்கள் அந்நேரத்தில் பாதி மருந்து. அவை நோயாளிக்கு விளங்கும் மொழியில் இருக்கவேண்டும். பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டவை. பிரகடனம் வர்த்தமானியில் இருந்தால் போதாது. நீரூற்றும் கையோடு வரும் வாயில் இருக்கவேண்டும். சிங்கள உதவியாளர் நான்கு தமிழ் வாக்கியங்களும், தமிழ் உதவியாளர் நான்கு சிங்கள வாக்கியங்களும் கற்பதற்கு ஒரு பிற்பகல் போதும்.

பாராளுமன்றத்திலே மிளகாய் பட்டவர்கள் சில அடி நடந்து நீரை அடைந்தார்கள். தோட்டத்திலே கண்ணெரிச்சலோடு ஓடிவருபவர் பொலிஸாரின் புகையில் அகப்பட்டவராகவே இருக்கவேண்டும் என்பதில்லை. முதுகில் தெளிகருவியைச் சுமந்து மலைச்சரிவில் களைக்கொல்லி அடிக்கும் தொழிலாளியின் கண்ணில், காற்று திரும்பும்போதெல்லாம் மருந்து தெறிக்கிறது. கிளைபோசேட் 2015இல் தடைசெய்யப்பட்டு, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் மீண்டும் அனுமதிக்கப்பட்டபோது, விளைச்சலைப் பற்றியும் ஏற்றுமதியைப் பற்றியும் பெரும் விவாதம் நடந்தது. தெளிப்பவனுடைய கண்ணைப் பற்றிய பேச்சு அதிற் குறைவு. அவனுக்கும் முதல் வைத்தியம் இதே நீர், இதே பதினைந்து நிமிடம். அதன்பின் மருந்துக் குப்பியின் சுட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். மலையில் அவன் நிற்கும் நிரைக்கும் மிக அருகிலுள்ள குழாய்க்கும் எத்தனை அடி என்று, கொழுந்தின் எடையைத் தராசில் இருமுறை பார்க்கும் நிர்வாகம் ஒருமுறையாவது அளந்து பார்க்கட்டும். அளக்கும் நாளில் தொழிற்சங்கத்தாரும் கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருக்கவேண்டும்.